சேகரிப்புக் கலன் சவரிராயன்

சவரிராயன் ஓய்வு பெற்ற அன்று தாமிரக்கரைப் பல்கலைக்கழகம் அவருக்குச் சால்வை போர்த்தியது, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்தது, நாலு பேரை விட்டுப் புகழ வைத்தது. பிறகு மூன்று பொருள்களைத் திருப்பிக் கேட்டது. பணிமனைச் சாவி. அடையாள அட்டை. நெஞ்சுக்குள் இருந்த பேட்டரி.

முதல் இரண்டையும் அவர் அங்கேயே மேஜைமேல் வைத்துவிட்டார். மூன்றாவதோ, நிலுவையில்லாப் படிவத்தில் வெறும் ‘பேட்டரி’ என்று மட்டும் இருந்தது; எது என்று கேட்க மறுநாள் காலை படிவத்தோடு தகரக் கொட்டகைக்கு வந்தார். ஒரு காலத்தில் சைக்கிள் நிறுத்துமிடமாக இருந்த கொட்டகை அது. இப்போது வாசலில் ‘பயன்படுத்திய பேட்டரி மறுசுழற்சி மையம்’ என்று பலகை தொங்கியது.

மையத்தின் பொறுப்பாளர் குழல்வாய்மொழி. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு பேராசிரியர் உப்பிப்போன லேப்டாப் பேட்டரியைக் காகிதக் குப்பையில் போட்டுவிட்டுப் போக, அது தீப்பிடித்து, எடுக்கப்போன குழல்வாய்மொழியின் வலது கையில் முழங்கை வரை தோல் வழன்றுவிட்டது. பேராசிரியர் யாரென்று கண்டுபிடிக்க அமைத்த குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. அன்று முதல் அவர் மற்றவர்களை நம்புவதை விட்டுவிட்டு விதிகளை நம்ப ஆரம்பித்தார். வருகிற ஒவ்வொரு பேட்டரியையும் சோதித்து, முனைகளில் டேப் ஒட்டி, வகை பிரித்து, உப்பியதை மணல் டிரம்மில் புதைத்து வைப்பார். பேட்டரிக்குப் பயப்படாத துறைத்தலைவர்கள்கூடக் குழல்வாய்மொழிக்குப் பயப்பட்டார்கள்.

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பதினேழு கையெழுத்துகளில் பதினாறு முடிந்திருந்தன. பாக்கி மையத்தின் கையெழுத்துதான். கணினியில் சவரிராயன் பெயரைத் தட்டினார். ‘ஒப்படைக்கப்படாத பேட்டரி: ஒன்று’ என்று சிவப்பில் வந்தது.

“அண்ணாச்சி, ஒரு பேட்டரி நிக்குது உங்க பேர்ல. என்னது, டார்ச்சா?”

சவரிராயன் சட்டையின் இடதுபக்கத்தை ரெண்டு விரலால் தட்டிக் காட்டினார். “இதா இருக்கும் மேடம்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு குழல்வாய்மொழி திரையை மறுபடி பார்த்தார். சிரிப்பு நின்றது.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு பேட்டரியைக் கண்டுபிடித்தது. உடம்புச் சூட்டிலேயே சார்ஜ் ஆகி முப்பது வருடம் ஓடும் பேட்டரி. வெளியிலிருந்து கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் அதற்குள்ளேயே ஒரு பொடி ரேடியோ இருந்தது. பேஸ்மேக்கருக்குள் வைத்துப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. இயற்பியல் துறைப் பணிமனையில் கடைசல் எந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த சவரிராயனுக்கு அப்போதுதான் இதயத் துடிப்பு தடுமாறிக்கொண்டிருந்தது. சம்மதித்தார். துணைவேந்தர் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தவற்றில் உண்மையிலேயே வேலை செய்த பொருள் அது ஒன்றுதான். அதனாலோ என்னவோ, அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இடையில் சட்டம் வந்தது. குப்பைமேடுகள் ஊருக்கு ஊர் பற்றியெரிந்த பிறகு வந்த சட்டம். ஒவ்வொரு பேட்டரிக்கும் ஓர் எண், உள்ளே பொட்டளவில் ஒரு ரேடியோ. கொடுத்த நிறுவனம்தான் அதற்குக் கடைசி வரை பொறுப்பு. பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் கண்காணிக்கிற மென்பொருளுக்கு முந்தைய துணைவேந்தர் ‘அறம்’ என்று பெயர் வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வளாகத்தில் தினமும் யாராவது “அறம் வேலை செய்யல”, “அறத்தோட பாஸ்வேர்டு மறந்துபோச்சு” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரும் சிரிப்பதில்லை.

“இப்ப என்ன செய்யணும்னு சொல்லுது?” என்று கேட்டார் சவரிராயன்.

“நேத்தோட உங்க பேரு ஊழியர் பட்டியல்லேருந்து போயிருச்சு. அதனால இது இப்ப ஆளில்லாத பேட்டரி.”

“ஆள் இங்கதான உக்காந்திருக்கேன்.”

“அதுக்குத் தெரியாதுல்லா. ஆளில்லாத பேட்டரி எங்கயாவது குப்பையில கிடந்து தீப்பிடிச்சிரக் கூடாதுன்னு, முப்பது நாள் பாத்துட்டு டவர் வழியா அதுக்குக் கட்டளை போகும். உள்ள இருக்க கரண்ட்டையெல்லாம் வடிச்சிருன்னு. வடிஞ்ச பேட்டரி தீப்பத்தாது.”

சவரிராயன் வாசல் பக்கம் பார்த்தார். “நான் திருச்செந்தூர்ல மக வீட்டுக்குப் போயிட்டா?”

“அங்கயும் டவர் இருக்கு அண்ணாச்சி.”

அன்று மதியமே குழல்வாய்மொழி பதிவாளர் முனைவர் திருமலைக்கொழுந்துவைப் பார்க்கப் போனார். பதிவாளர் அறையில் நான்கு கேடயங்கள் வரிசையாக இருந்தன. நான்கு ஆண்டுகளாக அந்தப் பல்கலைக்கழகம் நூறு விழுக்காடு பேட்டரிகளைத் திரும்பப் பெற்று ‘பழுதிலா வளாகம்’ விருதை வாங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது கேடயத்துக்கு இடம் விட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது.

“விதிவிலக்கா?” என்றார் பதிவாளர். “ஏம்மா, விதிப்புத்தகம் எழுதினது யாரு?”

“நான்தான் சார்.”

“ஏழாவது பக்கத்துல ‘எவருக்கும், எக்காரணம் கொண்டும் விதிவிலக்கு கிடையாது’ன்னு கொட்டை எழுத்துல போட்டது?”

“அதுவும் நான்தான் சார். புரொஃபசர்ஸ் எல்லாம் லேப்டாப்ப வீட்டுல பிள்ளைங்க விளையாடக் குடுத்துட்டுத் திருப்பித் தராம இருந்தாங்க. அதுக்காகப் போட்டது.”

“நல்லாத்தான் போட்டிருக்கீங்க. அதனாலதான இந்த நாலும் வந்தது.” அவர் கேடயங்களைப் பார்த்தார். “இப்ப ஒரு ஆளுக்காகத் தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்போதுன்னு போய் நிக்க முடியுமா?”

செவ்வாய்க்கிழமை பதிவாளர் இதற்கென்றே ஒரு குழுவைக் கூட்டினார். சமோசா வந்தது. அறுவைச் சிகிச்சை செய்து பேட்டரியை வெளியே எடுத்து, அதன் எண்ணை ஸ்கேன் செய்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்துவிடலாமே என்றார் கணிதத் துறைத்தலைவர். நெல்லையில் இருதய மருத்துவரிடம் கேட்டாயிற்று, கம்பி சதையோடு ஒட்டிவிட்டது, கை வைத்தால் ஆபத்து என்கிறார் என்றார் குழல்வாய்மொழி. சரி, ஸ்கேன் மட்டும் செய்தால் போதுமா என்றார் இன்னொருவர். வேதியியல் பேராசிரியர் ஒருவர்தான் சமோசாவைக் கீழே வைத்துவிட்டு வழி சொன்னார்.

“பேட்டரிய டப்பாவோடதான வாங்குதோம்? ரிமோட்டுக்குள்ள இருந்தா ரிமோட்டோட வாங்குதோம். அதே மாதிரி இதயும் கலனோட பெற்றதாப் பதிவு பண்ணிரலாம். கலன் மனுஷனா இருக்கக் கூடாதுன்னு விதியில எங்கயாவது இருக்கா?”

எல்லோரும் குழல்வாய்மொழியைப் பார்த்தார்கள். விதியில் எங்கேயும் இல்லை. எழுதும்போது அவருக்கு அது தோன்றவில்லை.

“சார், ‘சேகரிக்கப்பட்டது’ன்னு பதிவு பண்ணினா முப்பது நாள் ஏழு நாளாக் குறைஞ்சிரும். சேகரிச்சத அனுப்புறதுக்கு முன்னால வடிக்கணும். அது தானா நடக்கும். நிறுத்த நமக்கு அனுமதியில்ல. அறத்தச் செஞ்சு குடுத்த கம்பெனி மூடி ரெண்டு வருஷமாச்சு.”

“ஏழு நாள் இருக்குல்லா?” என்றார் பதிவாளர். “இன்ஸ்பெக்‌ஷன் நாளன்னைக்கு. அது முடியட்டும். ஏழு நாள்ல ஒரு வழி பொறக்காமயா போயிரும்?”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குழல்வாய்மொழி எதிர்ப்புத் தெரிவித்ததாக எழுதச் சொன்னார். ஒருமனதாக என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதை எழுத இடமில்லை என்றார் குறிப்பெடுத்தவர்.

மறுநாள் குழல்வாய்மொழி சவரிராயனிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேண்டாமென்றால் தான் ஸ்கேன் செய்யப்போவதில்லை, வேலை போனாலும் போகட்டும் என்றார்.

“நீங்க செய்யலன்னா வேற ஒருத்தனக் கூட்டியாந்து செய்வாக. அவனுக்கு என் பேருகூடத் தெரியாது,” என்றார் சவரிராயன். “போடுங்க மேடம். உங்க கையால போட்டா, எப்படி எடுக்கணும்னும் நீங்க யோசிப்பீக.”

குழல்வாய்மொழி ஸ்கேனரை அவர் மார்பில் வைத்தார். ‘பீப்’ என்றது. சிவப்பு பச்சையானது. கீழே சின்ன எழுத்தில் ‘பாதுகாப்பு வடிப்பு: 7 நாள்’ என்று வந்தது. ஒன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கில் கேட்ட அதே ‘பீப்’தான். இந்த ஒன்று மட்டும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

வியாழக்கிழமை ஆய்வுக் குழு வந்தது. அதற்கு முன்பே பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் விதிப்புத்தகத்தோடு வந்து எல்லாம் முறைப்படி இருக்கிறதா என்று பார்த்தார். கலன் அருகில் உலோகம் இருக்கக் கூடாது. எனவே சவரிராயனின் பெல்ட்டும், வெள்ளிக் கண்ணாடிச் சட்டமும், கழுத்துச் சிலுவைச் சங்கிலியும் ஒரு பிளாஸ்டிக் பையில் போயின. கலன் மற்றவற்றிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்க வேண்டும். ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்கள். கலன்மேல் எண் ஒட்ட வேண்டும். சட்டைப்பையில் ஒட்டினார்கள். நாற்பது வருடம் எந்திரம் ஓட்டிய அந்த மனிதர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குழல்வாய்மொழி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆய்வுக் குழுவின் தலைவர் மணல் டிரம்மைப் பார்த்தார், தீயணைப்பானைப் பார்த்தார், சவரிராயனைப் பார்த்தார்.

“இது?”

“கலன் சார்,” என்றார் பதிவாளர்.

தலைவர் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு ஒரு டிக் போட்டார். சவரிராயன் மரியாதைக்கு எழுந்து நின்றார். “உக்காரச் சொல்லுங்க, விழுந்துறாம,” என்றார் தலைவர் பதிவாளரிடம். அறிக்கையில், ‘கலன்கள் நல்ல நிலையில் பராமரிக்கப்படுகின்றன’ என்று ஒரு வரி இருந்தது. ஐந்தாவது கேடயம் உறுதியானது.

வெள்ளிக்கிழமை குழல்வாய்மொழி பதிவாளரைத் தேடிப் போனார். விருது விழாவுக்குப் பந்தல் பார்க்கப் போயிருந்தார். சனிக்கிழமை கிடைத்தார். “கோப்பு போடுங்கம்மா, திங்கள்கிழமை பாத்துருவோம்,” என்றார். திங்கள்கிழமை அந்தக் கோப்பு மின்னியல் துறையின் கருத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது.

அன்று மதியம் சவரிராயனின் மனைவி ரெஜினா கொட்டகைக்கு வந்தார். குழல்வாய்மொழி நாற்காலியை இழுத்துப் போட்டார். ரெஜினா உட்காரவில்லை.

“விருது கிருதுன்னு என்னமோ சொல்லுதாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வியாழக்கிழமை இவுக இருப்பாகளா, இருக்க மாட்டாகளா? அத மட்டும் சொல்லுங்க.”

குழல்வாய்மொழி திரையில் மிச்ச நாளைப் பார்த்தார்: இரண்டு. ரெஜினா போன பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு தான் எழுதிய விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எவ்வளவு இறுக்கமாக எழுதியிருக்கிறோம் என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்ட புத்தகம். எங்கேயும் ஓட்டை இல்லை. ஒவ்வொரு வாக்கியமாகத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றார். ‘சேகரிக்கப்பட்ட பேட்டரி எண்பது விழுக்காட்டுக்கு மேல் திறனுடன் இருப்பின், வடிப்புக்கு முன் அதை மறுபயன்பாட்டுக்காக ஊழியருக்கோ மாணவருக்கோ வழங்கலாம்.’

சவரிராயனை வரச்சொல்லிச் சோதித்தார். தொண்ணூற்றேழு விழுக்காடு.

“ஊழியரா ஆக முடியாது. மாணவரா ஆயிருங்க அண்ணாச்சி.”

“அறுவது வயசிலயா? என்ன மேடம் படிக்க? நான் பத்தாப்புதான்.”

பத்தாம் வகுப்பு போதும் என்கிற ஒரே ஒரு படிப்பு அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. ‘பேட்டரி பாதுகாப்புச் சான்றிதழ்’, ஆறு மாதம். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு ஆய்வுக் குழுவுக்குக் காட்டுவதற்காகத் தொடங்கியது. ஆசிரியர் குழல்வாய்மொழி. இதுவரை ஒருவரும் சேரவில்லை. சேராதவர்களில் யாரும் தோற்கவும் இல்லை என்பதால் ஆண்டறிக்கையில் தேர்ச்சி நூறு விழுக்காடு என்று போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சேர்க்கைப் படிவம் பதிவாளர் மேஜைக்குப் போனது. ஆளில்லாத படிப்புக்கு ஆள் கிடைத்ததில் மகிழ்ந்து அவர் பெயரைக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டார். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஏழாவது நாள் முடிய மூன்று மணிநேரம் இருக்கையில், சவரிராயன் என்ற முதலாண்டு மாணவருக்கு அவருடைய இதயப் பேட்டரி மறுபயன்பாட்டுக்காக வழங்கப்பட்டது. ‘பீப்.’ வடிப்பு நின்றது.

வாசலில் நின்ற ரெஜினா உள்ளே வந்து குழல்வாய்மொழியின் தழும்புக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒரு சிக்கல்தான் மிச்சம். படிப்பை முடித்தவர் பொருளைத் திருப்பித் தர வேண்டும். தோற்றவர் தொடர்ந்து மாணவர்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் தோற்கலாம்.

சவரிராயன் ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வந்தார். ஒற்றை மாணவருக்காகக் குழல்வாய்மொழி கரும்பலகையில் படம் போட்டு நடத்தினார். உப்பிய பேட்டரியை உலோகம் படாமல் பிடிக்க மரத்திலேயே ஒரு கிடுக்கி செய்துகொண்டு வந்தார் மாணவர். ஆசிரியருக்கே தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தார். தேர்வும் வந்தது.

குழல்வாய்மொழி விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தார். ஒரு தப்புகூட இல்லை. ‘இயங்கிக்கொண்டிருக்கும் பேட்டரியைக் கழிவாகப் பதிவு செய்யலாமா?’ என்ற கேள்விக்கு, ‘கூடாது. அது உயிரோடு இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். குழல்வாய்மொழி சிவப்புப் பேனாவால் அதன் குறுக்கே கோடு போட்டார். எல்லாவற்றுக்கும் போட்டார். மொத்தம் பூச்சியம்.

மறுநாள் சவரிராயன் விடைத்தாளோடு வந்து நின்றார். முகம் சிறுத்திருந்தது.

“மறுகூட்டலுக்கு எழுதிப் போடப்போறேன் மேடம்.”

“அண்ணாச்சி! பாஸாயிட்டீங்கன்னா என்ன ஆகும்னு தெரியுமில்லா?”

“தெரியும். ஆனா நாப்பது வருஷத்துல நான் கடைஞ்ச ஒரு உருப்படியக்கூட எவனும் திருப்பி அனுப்பினது கிடையாது. பத்தாப்புக்கு அப்புறம் முதமுதலா ஒரு பரீட்சை எழுதி, எல்லாம் சரியா எழுதி…” அவர் தாளைத் தடவினார். “இத நீங்க தப்புன்னு போட்டிருக்கீகளே. உங்களுக்கும் கை கூசியிருக்கும்லா?”

குழல்வாய்மொழி சிவப்புப் பேனாவை மூடி மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

“ஒண்ணு செய்வோம். அடுத்த தடவை நானே தப்பா எழுதிருதேன். தப்பு எங்கூடப் போகட்டும். நீங்க சரியானதத் தப்புன்னு போட வேண்டாம்.”

அப்படியே முடிவாயிற்று. ஆனால் ஒற்றை மாணவர் தோற்றதில் படிப்பின் தேர்ச்சி விகிதம் நூறிலிருந்து ஒரே பாய்ச்சலில் பூச்சியத்துக்கு வந்திருந்தது. பதிவாளர் பதறிப்போனார். ஆசிரியரே திருத்துவதால்தான் இப்படி நடக்கிறது, இனி விடைத்தாள்கள் வெளியூர்த் தேர்வாளருக்குப் போகும் என்று உத்தரவு போட்டார்.

“கவலப்படாதீக,” என்றார் சவரிராயன். “யாரு திருத்தினாலும் பெயிலாகுற மாதிரி எழுதுதேன்.”

உழைத்துத்தான் எழுதினார். உப்பிய பேட்டரியை எங்கே வைக்க வேண்டும்? ‘துறைத்தலைவர் அலமாரியில். கண்ணில் படாத வரை ஆபத்தில்லை.’ தீப்பிடித்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? ‘குழு அமைக்க வேண்டும்.’ அந்தக் குழுவில் யார் இருக்க வேண்டும்? ‘தீயைப் பார்க்காதவர்கள்.’ இயங்கிக்கொண்டிருக்கும் பேட்டரியைக் கழிவாகப் பதிவு செய்யலாமா? ‘செய்யலாம். ஆய்வுக் குழு வருவதற்கு முன்னால் செய்வது நல்லது.’

எழுதிவிட்டு வந்து கேள்வி கேள்வியாகச் சொன்னார். குழல்வாய்மொழி ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தக் கொட்டகையில் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. நூற்றுக்கு நூறு. வெளியூர்த் தேர்வாளர் கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: ‘நிர்வாக நடைமுறைகளை நன்கு உணர்ந்த மாணவர். மற்ற மாணவர்களுக்கு முன்மாதிரி.’ தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்திருந்தார். கூடவே அறத்திலிருந்து வாழ்த்துச் செய்தி. படிப்பு முடிந்தது, முப்பது நாளுக்குள் பேட்டரியை ஒப்படைக்கவும்.

சவரிராயன் மதிப்பெண் பட்டியலைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

“என்ன மேடம் இது?”

குழல்வாய்மொழி அதற்குள் அலமாரியைத் திறந்து இன்னொரு படிவத்தை எடுத்திருந்தார். அதே பாடத்தில் பட்டயப் படிப்பு, இரண்டு வருடம். சான்றிதழில் முதல் வகுப்பு பெற்றவர்கள் சேரலாம். அதற்கும் இதுவரை ஆளில்லை. வெளியூர்த் தேர்வாளரும் அதே ஆள்தான்.

சவரிராயன் பேனாவை வாங்கிப் பெயரை எழுதினார். பிறந்த தேதியை எழுதினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நிமிர்ந்தார்.

“இதுல பெயிலாகணும்னா என்ன மேடம் எழுதணும்?”

குழல்வாய்மொழி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“பாடத்துல உள்ளத உள்ளபடி எழுதுங்க அண்ணாச்சி.”